கோச் டில்லரி கூப்பிட்டபோது

1970ஆம் வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கூரை நன்றாகத்தான் இருந்தது, பெஞ்சுகளும் நன்றாகத்தான் இருந்தன. கோர்ட்டு உத்தரவு, இனிமேல் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் படிக்க வேண்டும் என்றார்கள். ஒரே இடம் என்றால் எந்த இடம் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்த கேட்லெட் உயர்நிலைப் பள்ளிதான் அந்த இடம் என்று ஆகிவிட்டது.

எங்கள் பள்ளிச் சமையற்கட்டில் பதினோரு வருஷம் நான்தான் தலைமைச் சமையல்காரி. அங்கே போனதும் என்னைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். என் கதை அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது எதிர்வீட்டு அலோன்ஸோ டில்லரியின் கதை.

எங்கள் பக்கத்தில் அவரை யாரும் பேர் சொல்லி அழைத்ததில்லை. பாதிரியாருக்கும் அவர் கோச்தான், தெருவில் டயர் உருட்டும் பொடிசுகளுக்கும் கோச்தான். அவர் மனைவி வெர்டெல்கூட கோச் என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் அலோன்ஸோ. பதினாலு வருஷம் எங்கள் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுத்தார். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே வருகிறவனை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஜார்ஜியாவின் தெற்கு மூலையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது, அந்தப் பக்கத்திலும் சரி, எங்கள் பக்கத்திலும் சரி.

புதிய பள்ளியில் அவரைத் துணைக் கோச் ஆக்கினார்கள். தலைமைக் கோச் டானி பர்விஸ் என்கிற வெள்ளைக்காரப் பையன். வயது இருபத்தேழு. எங்கள் கோச் முதல் கோப்பையைத் தூக்கி வந்த வருஷம் அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்திருப்பான். துணைக் கோச் என்பது காகிதத்தில். உள்ளபடிக்கு, பகலில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது, சாயங்காலம் சட்டைகளைத் துவைத்து உலர்த்துவது, காலையில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, இவைதான் அவர் வேலை.

நான் ஆறரை மணிக்குச் சமையற்கட்டின் பின்கதவைத் திறக்கும்போது அவர் கோடு போட்டுக்கொண்டிருப்பார். செப்டம்பர் மாதம். அந்த நேரத்திலேயே வியர்வை வழியும். சிறு பூச்சிகள் கண்ணோரத்தில் மொய்க்கும். உதட்டைக் குவித்து மேலே ஊதி அவற்றை விரட்டிக்கொண்டே சுண்ணாம்பு வண்டியைத் தள்ளுவார். காற்றில் நிலக்கடலைச் செடியைப் புரட்டிப் போட்ட மண் வாசனை இருக்கும்.

"ஆஸி, இன்னிக்கு என்ன சாப்பாடு?"

"தொட்டிக்கு முன்னாடி நிக்கிறவகிட்ட கேக்குறீங்களே கோச். எச்சித் தட்டு வந்தாத்தான் என்ன சாப்பாடுன்னு எனக்கே தெரியும்."

சிரிப்பார். "கோடு நேரா இருக்கா பாரு."

"நேராத்தான் இருக்கு. கோப்பை வாங்குன கை இப்ப சுண்ணாம்பு தள்ளுது."

"கோடு இல்லாம ஆட்டம் ஏது ஆஸி?" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். எதைச் சொன்னாலும் அப்படி ஒரு பதில் வைத்திருப்பார். அதனால்தான் அவரிடம் சண்டை போட முடியாது.

அவர்களுக்கு ஒரே மகள், ஆர்லெத்தா. லெத்தா என்போம். பதினேழு வயது, பள்ளியில் கடைசி வருஷம். மைதான ஓரத்தில் நின்று ஆடிப் பாடி அணிக்குக் குரல் கொடுக்கும் பெண்கள் இருப்பார்கள் அல்லவா, அந்த சியர் குழுவுக்கு எங்கள் பள்ளியில் மூன்று வருஷம் அவள்தான் தலைவி. காலால் தரையை மூன்று தட்டு, தொடையில் ஒரு தட்டு, நடுவே ஒரு மூச்சு நிறுத்தம் என்று பாட்டெல்லாம் அவளே கட்டுவாள். எதிரணிக்காரர்கள்கூட அவர்களைப் பார்க்கச் சீக்கிரம் வந்து உட்காருவார்கள்.

புதிய பள்ளியில் எட்டுப் பெண்களுக்கு இடம். எல்லோர் முன்னாலும் ஆடிக் காட்ட வேண்டும், பிறகு பிள்ளைகள் ஓட்டுப் போடுவார்கள் என்றார்கள். சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வந்து, வெர்டெல் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து மகளுக்கு ஒரு பாவாடை தைத்தாள். அந்தப் பள்ளியின் நிறத்தில், சிவப்பும் சாம்பலும். லெத்தா ஆடியபோது நான் சமையற்கட்டிலிருந்து ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அங்கே நாங்கள் இருநூற்று எண்பது பேர், அவர்கள் நானூற்றுச் சொச்சம். வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். மதியம் லெத்தா தட்டைக் கொண்டுவந்து, எச்சில் தட்டு வாங்கும் என் ஜன்னலில் வைத்தாள். ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை.

"என்னாச்சுடி?"

"எட்டுப் பேரும் அவங்கதான், மிஸ் ஆஸி. ரெண்டு தடவ வாசிச்சுப் பாத்தேன்."

"நம்ம பிள்ள ஒண்ணுகூடவா இல்ல?"

"ஓட்டுன்னா ஓட்டுதானே," என்றாள். அப்பாவைப் போலவே பேசினாள்.

திங்கட்கிழமை, தேர்வான பெண்களில் ஒருத்தி, ஷெரில் என்று பேர், லெத்தாவிடம் வந்து அந்தக் கால் தாளத்தைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னாளாம். லெத்தாவும் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால் நின்று சொல்லிக் கொடுத்தாள். நான் பார்த்தேன்.

"உனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? அவளுக்கு ஏண்டி சொல்லிக் குடுத்த?"

"சிரிச்சுக்கிட்டே கேட்டா, மிஸ் ஆஸி. நீதான் நல்லா ஆடுனேன்னு சொல்லிட்டுக் கேட்டா. என்ன பண்றதுன்னு தெரியல."

அன்று சாயங்காலம் பயிற்சிக்கு மணியடித்தபோது எங்கள் பையன்கள் பத்தொன்பது பேரும் மைதானத்துக்கு வரவில்லை. சட்டை, தோள்கவசம், தலைக்கவசம் எல்லாவற்றையும் அவரவர் பெஞ்சில் மடித்து அடுக்கி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். சட்டைகளை நான்காக மடித்து, எண் மேலே தெரியும்படி வைத்திருந்தார்களாம். அப்படி மடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் கோச்தான். நம்ம பெண் ஒருத்தியாவது ஆடாமல் நாங்கள் ஆட மாட்டோம் என்று லாவெல் டோட் எழுதிய சீட்டு அவன் தலைக்கவசத்துக்குள் இருந்தது. மிச்சம் இருந்தது பதினைந்து வெள்ளைப் பையன்கள். அதில் ஓடத் தெரிந்தவர்கள் நான்கு பேர்.

மறுநாள் மதியம், பிள்ளைகள் போன பிறகு, தலைமையாசிரியர் கிம்ஸி கோச்சைக் காலியான சாப்பாட்டுக்கூடத்துக்கு அழைத்து வந்தார். நான் தொட்டியில் கையை விட்டபடி நின்றேன். கிம்ஸி என்னைப் பார்த்தார். ஆனாலும் ஆள் இருப்பதாக நினைக்கவில்லை.

"உக்காரு அலோன்ஸோ. என்னப்பா இது?"

"எனக்கும் நேத்துதான் தெரியும், சார்."

"அவங்க உன் பசங்க. நீ வளத்த பசங்க. நீ ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாங்க."

"ஒரே ஒரு பொண்ணச் சேத்துக்கிட்டா எல்லாம் அடங்கிரும், சார். ஒன்பதாவதா."

"எப்பிடிச் சேக்கிறது? பிள்ளைக ஓட்டுப் போட்டு எடுத்தது. அதுல நான் கை வைக்கலாமா? நீயே சொல்லு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"எம் பொண்ணு இந்த வருஷத்தோட படிச்சு முடிக்கிறா, சார்."

கிம்ஸி புருவத்தை உயர்த்தினார். "ஓ. உன் பொண்ணும் இதுல இருக்கா?" என்றார். தெரியாதது போலக் கேட்டார். "அப்ப உனக்கு இன்னும் சங்கடம். பள்ளிக்கூட போர்டுல இருக்கிறவங்க என்ன நெனப்பாங்க? பொண்ணுக்காக அப்பன்தான் பசங்களக் கெளப்பி விட்டான்னு நெனப்பாங்க. நான் நெனக்கல. அவங்க நெனப்பாங்க."

"நான் அப்பிடிச் செய்றவன் இல்ல, சார்."

"எனக்குத் தெரியும்ப்பா. அதனாலதான் சொல்றேன். வெள்ளிக்கெழம ஆட்டத்துக்கு அவங்க வரணும். வரலேன்னா, ஏப்ரல்ல வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிறப்ப உனக்காகப் பேச எனக்கு வாய் இருக்காது."

கோச்சின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கோச் மேசை மேல் சிந்தியிருந்த உப்பை விரலால் கூட்டிக் கூட்டிச் சின்னக் குவியலாக்கினார். பிறகு உள்ளங்கையில் வழித்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"ஆஸி, நீ ஒண்ணும் கேக்கல," என்றார்.

"தண்ணிச் சத்தத்துல என்ன கேக்கும் கோச்," என்றேன்.

புதன்கிழமை எனக்கு ஒரு சாக்குப் பச்சைக் கடலை வாங்க வேண்டியிருந்தது. கோச் கடலை மில்லுக்குத்தான் போகிறேன், ஏறிக்கொள் என்றார். பையன்கள் பயிற்சிக்குப் போகாத சாயங்காலங்களில் மில்லில் சுமை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அறுப்புக் காலத்தில் எந்த மில்லும் கை வேண்டாம் என்று சொல்லாது. வயலிலிருந்து வரும் வண்டிகளில் ஏறி நின்று, உலர்த்தும் தொட்டிகளுக்குள் கடலையை வாரித் தள்ளினார்கள். தூசியில் புருவம், தலைமுடி, இமை எல்லாம் செம்மண். முகத்தில் துணி கட்டியிருந்ததால் யார் யாரென்று சட்டென்று தெரியவில்லை. கோச்சுக்குத் தெரிந்தது. நிற்கிற விதத்தை வைத்தே பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"லாவெல். ஹோஸியா. எறங்கி வாங்கடா."

இறங்கி வந்தார்கள். முகத்துணியை அவிழ்த்து, "கோச்" என்று நின்றார்கள். மற்றவர்களும் மண்வாரியை ஊன்றிக்கொண்டு சுற்றிலும் கூடினார்கள்.

"வெள்ளிக்கெழம ஆட்டம் இருக்கு," என்றார் கோச்.

"தெரியும் கோச்."

"வரணும்."

லாவெல்தான் பதில் சொன்னான். ஒல்லியான பையன், ஆனால் அவனை முட்டித் தள்ள யாராலும் முடியாது. "எங்களுக்கு ஆட்டம் வேணாமா கோச்? எனக்குக் கையெல்லாம் அரிக்குது. ஆனா அங்க நாங்க ஓடணும், விழணும், எலும்ப ஒடச்சிக்கணும். எங்களுக்காகக் கத்துறதுக்கு எங்க பொண்ணு ஒருத்தி நிக்கக் கூடாது. அதானே?"

"அடுத்த வருஷம் பாக்கறேன்னு சொல்றாங்க."

"உங்கள அடுத்த வருஷம் தலைமைக் கோச் ஆக்கறேன்னும் சொல்லுவாங்க. நம்புறீங்களா?"

கோச் தன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "நான் என்ன நம்புறேங்கிறது வேற. ஹோஸியா, உன்னப் பாக்க ஃப்ளோரிடா காலேஜ்லேர்ந்து ஆள் வராரு இந்த வெள்ளிக்கெழம. தெரியுமில்ல?"

ஹோஸியா பூன் தலை குனிந்தான். மாவட்டத்திலேயே அவனைப் போல ஓட ஆள் கிடையாது. பேச மட்டும் வராது. "தெரியும் கோச்," என்றான். அவ்வளவுதான்.

"உங்கள அனுப்புனது யாரு கோச்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "நீங்களா வந்தீங்களா, கிம்ஸி அனுப்புனாரா?"

யாரும் சிரிக்கவில்லை. கோச் அவனைத் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நான் கூப்பிடுறேன். கேட்டீங்கன்னா கேளுங்க," என்றார்.

"வேற எது சொன்னாலும் கேப்போம் கோச்," என்றான் லாவெல். அவன் கண் கலங்கியிருந்தது. தூசியாகவும் இருக்கலாம். "இது லெத்தாவுக்காக. உங்க பொண்ணுக்காக. இதுல நீங்களே வந்து இப்பிடிக் கேட்டா நாங்க எங்க போயிச் சொல்றது?"

திரும்பி வரும்போது அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். "அவன் சொல்றது சரி, ஆஸி," என்றார். "பழைய பள்ளிக்கூடத்துக் கோச்சா இருந்திருந்தா அவனத் தட்டிக் குடுத்திருப்பேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "பதினாலு வருஷத்துல ஒரு பய என்கிட்ட முடியாதுன்னு சொன்னதில்ல," என்றார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வேலை போவதைவிட அதைத்தான்.

வீட்டில் வெர்டெல் சோளரொட்டியும் அவித்த அவரைக்கொட்டையும் வைத்திருந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். கோச் தட்டில் கை வைக்காமல் இருந்தார்.

"அவங்க வர மாட்டேன்னா விடுங்க," என்றாள் வெர்டெல். "நல்ல பசங்க. என் மகளுக்காக நிக்கிறாங்க. எனக்கு யாரும் இதுவரைக்கும் அப்பிடி நின்னதில்ல."

"வேல போயிரும், வெர்டெல்."

"போகட்டும்."

"நாப்பத்தாறு வயசுல வேற என்ன வேல தெரியும் எனக்கு? கடல வாரவா?"

"அலோன்ஸோ, கடல வாரினவன் மகன்தான் நீ."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். லெத்தா நடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலையில் பள்ளியில் லெத்தா என் ஜன்னலுக்கு வந்தாள். "மிஸ் ஆஸி, இன்னிக்குக் கடல அவிப்பீங்களா?"

"அவிக்கணும். நேத்து வாங்குனது கெட்டுப் போயிரும்."

"மூணரைக்கு உங்க கொல்லையில பசங்க வருவாங்க. நான் வரச் சொல்லியிருக்கேன்."

துணி வெளுக்கும் இரும்புப் பானையில்தான் நான் கடலை அவிப்பேன். கைநிறைய உப்பு, மூன்று மணி நேரம் நெருப்பு. அன்று அவசரமாகச் சீக்கிரமே கிளம்பி வந்து பற்ற வைத்தேன். கடலை சரியாக வேகவேயில்லை. பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்கள். சுடச்சுட எடுத்து ஓட்டை உடைத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தார்கள். லெத்தா நின்றாள்.

"போயி ஆடுங்க," என்றாள்.

"உங்கப்பா அனுப்பினாரா?" என்றான் லாவெல்.

"அவருக்கு நான் இங்க வந்ததே தெரியாது."

"அப்ப ஏன்? உனக்காகத்தானே நாங்க இத செய்றோம்."

"நான் கேட்டேனா?" லெத்தாவின் குரல் உயர்ந்தது. "யாராவது ஒருத்தர் வந்து, லெத்தா, இப்பிடிச் செய்யலாமான்னு கேட்டீங்களா? சட்டைய மடிச்சு வச்சிட்டுப் போயிட்டீங்க. மறுநாள் கிளாஸ்ல எல்லாரும் என்னத் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. நான்தான் ஆட்டத்தக் கெடுத்தேன்னு. பிறகு எங்கப்பாவக் கூப்பிட்டு மிரட்டுறாங்க. நேத்து ராத்திரி அவர் சாப்பிடல."

யாரும் கடலையை உடைக்கவில்லை.

"எனக்கும் கோபம் இருக்கு, லாவெல். உன்னவிட இருக்கு. ஆனா நீங்க ஆடலேன்னா அவங்க பதினஞ்சு பேர வச்சு ஆடித் தோப்பாங்க, அவ்வளவுதான். வேல போறது எங்கப்பாவுக்கு. காலேஜ் போறது ஹோஸியாவுக்கு. கிம்ஸிக்கு என்ன போகும்? ஷெரிலுக்கு என்ன போகும்? சொல்லு."

ஹோஸியாதான் எழுந்தான். "எப்பப் போகணும்?" என்றான்.

"இப்பவே. பயிற்சி நடந்துக்கிட்டிருக்கு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு மட்டும். நான் சொன்னேன்னு அவருக்குத் தெரியக் கூடாது. நேத்து அவர் சொன்னத யோசிச்சுப் பாத்தோம், அதான் வந்தோம்னு சொல்லுங்க. நீங்க கூப்பிட்டீங்க, வந்தோம்னு சொல்லுங்க. இத எனக்காகச் செய்ங்க. மத்ததெல்லாம் நான் கேக்காமச் செஞ்சீங்கல்ல, இத நானே கேக்குறேன்."

ஒவ்வொருவனாக எழுந்து போனார்கள். போகிற வழியில் மிச்சப் பேரையும் மில்லிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். லாவெல் மட்டும் பானைக்கருகே உட்கார்ந்திருந்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றான் லெத்தாவிடம். "ஆனா நான் போக மாட்டேன். நீ சொன்னாலும் சரி." கடலை ஓடுகளைப் பொறுக்கி நெருப்பில் போட்டுவிட்டு மில்லுக்கே திரும்பிப் போனான். அந்த வருஷம் முழுக்க அங்கேயே நின்றான். பிறகு பட்டாளத்துக்குப் போனான்.

லெத்தா என் சமையலறைக்குள் வந்து, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டேயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் இருபதுக்குப் பதின்மூன்று என்று ஜெயித்தோம். ஜெயித்தோம் என்று எல்லோரும்தான் சொன்னார்கள். நாங்கள் பெஞ்சுகளின் தெற்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம், அப்படி உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஹோஸியா இரண்டு முறை எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடிப் புள்ளி எடுத்தான். எனக்குப் பின்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர், பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர், "ஓடுடா கண்ணு, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் பங்க்கில் எங்களுக்குக் கழிப்பறைச் சாவி கொடுக்க மாட்டார். ஹோஸியா இரண்டாவது முறை ஓடி முடித்தபோது அந்த எட்டுப் பெண்களும் காலால் மூன்று தட்டுத் தட்டி, தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியவில்லை. வெர்டெல் மகளின் கையைப் பிடிக்கப் போனாள். லெத்தா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பரவால்லம்மா, ஆட்டத்தப் பாரு," என்றாள். கீழே கோச் ஒரு வாளித் தண்ணீரோடு நின்று, வெளியே வந்த பையன்களுக்குத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பையன்களுக்கும் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை அவர் வாசலில் உட்கார்ந்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை ஆட்டிக் கூப்பிட்டார். அந்த மாதிரிச் சிரிப்பை அவர் முகத்தில் நான் ஆகஸ்டுக்குப் பிறகு பார்க்கவில்லை.

"பாத்தியா ஆஸி? மில்லுல முடியாதுன்னானுங்க. ஒரு ராத்திரி யோசிச்சானுங்க, வந்துட்டானுங்க. அஞ்சு மணி இருக்கும். நான் வெள்ளப் பசங்கள ஓட விட்டுக்கிட்டிருக்கேன். திரும்பிப் பாத்தா கேட்டுல வரிசையா நிக்கிறானுங்க. ஹோஸியா, அந்த ஊமப்பய, அவன் முன்னால வந்து, 'நீங்க கூப்பிட்டீங்க கோச், வந்தோம்'ங்கிறான். என்னால பேச முடியல."

"உங்க பசங்கதானே," என்றேன்.

"வளப்பு, ஆஸி. வேற ஒண்ணும் இல்ல, வளப்பு," என்று சொல்லி, இரண்டு பெரிய மீனை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். உள்ளே வெர்டெல் இருந்தாள். மகள் அவளிடம் சொல்லியிருந்தாள் போல. ஜன்னல் வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வருஷம் அணி பத்து ஆட்டத்தில் எட்டு ஜெயித்தது. ஹோஸியாவுக்கு ஃப்ளோரிடா காலேஜில் இடம் கிடைத்தது. சியர் குழுவில் ஒன்பதாவது பெண் வரவில்லை.

ஏப்ரலில் கடிதம் வந்தது. கார் ஓட்டக் கற்பிக்கும் வகுப்பை அடுத்த வருஷம் நிறுத்துகிறார்கள், எனவே அந்தப் பதவி இருக்காது, இதுவரை செய்த சேவைக்கு நன்றி. மூன்று வரிதான். மறுநாள் சாயங்காலம் டானி பர்விஸ் வந்தான். முற்றத்தில் நின்றான். உள்ளே வரச் சொல்லியும் படியேறவில்லை.

"நான் பேசிப் பாத்தேன், கோச்," என்றான். அந்தப் பள்ளி வெள்ளைக்காரர்களில் அவன் ஒருத்தன்தான் அவரை அப்படிக் கூப்பிடுவான். "ரெண்டு தடவ போயிப் பேசினேன். நீங்க இல்லேன்னா எனக்கு அந்தப் பசங்கள மேய்க்கத் தெரியாதுன்னுகூடச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"இந்த ஒரு வருஷத்துல கத்துக்கிட்டிருப்பியேன்னாங்க."

கோச் சிரித்தே விட்டார். பையன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, "மன்னிச்சிருங்க" என்றான். தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோச் எங்கெங்கோ எழுதிப் போட்டார். ஜூன் மாதம், ஃப்ளோரிடாவில் ஒரு நகரத்தில் சிறுவர் விளையாட்டு மையத்துக்கு ஆள் தேவை என்று தெரிந்தது. விண்ணப்பம் அனுப்பச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து, நானும் வெர்டெலும் அவர்கள் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் கோச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். அவர் கையெழுத்து யாருக்கும் புரியாது. லெத்தா பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேர், வயது, படிப்பு, எத்தனை கோப்பை, எந்தெந்த வருஷம், எல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் பணியில் நீங்கள் பெருமைப்படும் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுக.

கோப்பைகளில் ஒன்றைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எழுதும்மா. '1970 செப்டம்பரில், பள்ளியில் இரண்டு இனத்துப் பிள்ளைகளுக்கும் இடையே மனக்கசப்பு உண்டானபோது...' மனக்கசப்புன்னு போடலாமா ஆஸி?"

"போடுங்க கோச்."

"'...அணியை விட்டு வெளியேறிய மாணவர்கள், என் ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி வந்தார்கள்.'"

வெர்டெலின் விரல் பட்டாணித் தோலுக்குள் அப்படியே நின்றது. நான் பாத்திரத்துக்குள் பார்த்தேன்.

"எத்தன பேருன்னு போடணுமாப்பா?" என்றாள் லெத்தா.

"போடு. போனது பத்தொம்பது, வந்தது பதினெட்டு. லாவெல் மேல தப்பு இல்ல, அவன விட்டுரு. பதினெட்டுன்னு மட்டும் போடு." நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "வேலய எடுத்துக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்த எடுத்துக்கிட்டாங்க. ஆனா நான் கூப்பிட்டப்ப என் பசங்க வந்தாங்க. அத யாரும் எடுத்துக்க முடியாது பாரு."

லெத்தா எழுதினாள். அழகான சாய்ந்த கையெழுத்து அவளுக்கு. ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"எங்க, வாசி பாப்போம்," என்றார்.

அவள் வாசித்தாள். தேதியிலிருந்து கடைசிச் சொல்வரைக்கும், நிதானமாக, எங்கும் நிறுத்தாமல்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குப்பா," என்று காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "கையெழுத்துப் போடுங்க."